டெஸ்க்டாப்பை மேம்படுத்தலாமா, வேண்டாமா? படம், வீடியோ, இசை வேலை செய்பவர்களுக்கான எளிய சோதனை

போட்டோ எடிட்டிங், வீடியோ, 3டி, இசை என்று எந்த வேலையாக இருந்தாலும், கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும் நம் கண் முதலில் போவது புதிய கிராபிக்ஸ் கார்டுகள் பக்கம்தான். பல நேரம் திணறலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். எந்தப் பாகம் முட்டி நிற்கிறது என்று பார்க்காமல் பணத்தைப் போட்டால், வாங்கிய புதிய பாகம் பழைய பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போதும், காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். விண்டோஸ் டெஸ்க்டாப்பை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: எங்கே காத்திருக்கிறீர்கள்?

உங்களை உண்மையிலேயே படுத்தும் ஃபைல் ஒன்றைத் திறந்து வழக்கம்போல் வேலை செய்யுங்கள். சின்னதாக ஒரு சாம்பிள் ஃபைலை வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. கை நிற்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: ப்ரஷ் பின்தங்குகிறது, டைம்லைன் விட்டுவிட்டு ஓடுகிறது, எக்ஸ்போர்ட் 40 நிமிடம் ஆகிறது, இப்படி.

இந்தக் காத்திருப்பில் இரண்டு வகை உண்டு. எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டு எழுந்து போய்விடலாம், இரவில்கூட ஓடட்டும். ஆனால் ப்ரஷ் இழுத்து அரை நொடி கழித்துக் கோடு வந்தால் யோசனையே அறுந்துபோகும். என்னைக் கேட்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது கை மவுஸில் இருக்கும்போது வரும் தாமதத்தைத்தான். எக்ஸ்போர்ட் நேரம் குறைவது நல்லதுதான், ஆனால் அது அடுத்த கவலை.

படி 2: டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து அதே வேலையைச் செய்யுங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். தாமதம் வரும் அந்த நொடியில் எந்த வரைபடம் உச்சத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, அதே நேரத்தில் டிஸ்க்கும் துள்ளினால் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம். ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. 6000க்கு 4000 பிக்சல் உள்ள போட்டோவை 16 பிட்டில் திறந்தால், முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கே சுமார் 144 எம்பி ஆகும். இருபது லேயர், அன்டூ வரலாறு, பக்கத்தில் பிரவுசர் என்று சேர்ந்தால் 8 ஜிபி எப்படிக் காணாமல் போகிறது என்று புரியும். ஃபோட்டோஷாப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் நேரடியான வழி இருக்கிறது. படத்தின் சாளரத்தில் இடது அடியில் இருக்கும் சின்ன அம்பை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், ஃபோட்டோஷாப் ரேமை விட்டு ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு (ரேம் போதாதபோது தற்காலிகமாகப் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) போய்விட்டது. 100லேயே நின்றால் ரேம் வாங்கிப் பயனில்லை.

டிஸ்க் 100 சதவீதத்தில், பிராசசர் சும்மா என்றால் டிஸ்க்தான் தடை. நீங்கள் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஓட்டினால் யோசிக்கவே வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி போல் படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி (பழைய வகை இணைப்பு) சுமார் 550, என்விஎம்இ எனும் புதிய வேகமான வகை 3500க்கும் மேல். ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருந்தால், அதிலிருந்து என்விஎம்இக்குப் போவது அந்த எண்கள் காட்டும் அளவுக்கு எடிட்டிங்கில் தெரியாது.

பிராசசரைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். மொத்தம் 15 சதவீதம் என்று காட்டும், ஆனால் ஒரே ஒரு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஒரு கோர் மட்டும் உச்சியில் இருந்தால், அதிக கோர் உள்ள பிராசசர் உதவாது. ஒவ்வொரு கோரும் வேகமாக இருக்கும் புதிய தலைமுறைதான் உதவும். அப்புறம், அங்கேயே ஸ்பீடு என்று ஒரு எண் இருக்கும். கடும் வேலையில் அது பக்கத்திலேயே காட்டும் பேஸ் ஸ்பீடுக்கு (பிராசசரின் அடிப்படை வேகம்) கீழே இறங்கினால், பெரும்பாலும் சூடு. ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் உள்ள தூசியைத் துடைத்து, பழைய தெர்மல் பேஸ்டை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள்: அது வேலை செய்கிறதா, அதன் சொந்த மெமரி நிரம்பிவிட்டதா? பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் முதலில் பிராசசரில்தான் ஓடும்படி இருக்கும். ப்ரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கார்டைத் தேர்ந்தெடுத்து, ரெண்டர் அமைப்பில் டிவைஸ் என்பதையும் ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) கம்ப்யூட் என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாமலேயே கார்டு போதவில்லை என்று முடிவுக்கு வருபவர்கள் நிறைய. எல்லாம் சரியாக இருந்தும் டெடிக்கேட்டட் ஜிபியூ மெமரி முழுதாக நிரம்பினால், அப்போது அதிக மெமரி உள்ள கார்டு நியாயமான செலவு.

வீடியோவைத் தனியாகச் சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் அங்கேதான். டைம்லைன் திக்கினால் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று நினைப்போம். நொடிக்கு 100 மெகாபிட் உள்ள ஒரு 4கே ஃபைலுக்கு 12.5 எம்பி வேகமே போதும், பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைத் தந்துவிடும். சிக்கல் சுருக்கிய படத்தை விரிப்பதில் இருக்கிறது. பல கேமராக்கள் எச்.265 என்ற சுருக்கும் முறையில், நிற விவரம் அதிகம் உள்ள 10 பிட், 4:2:2 வடிவில் பதிவு செய்கின்றன. இந்த வகையை விரிக்கும் தனிச் சுற்று எல்லாக் கார்டிலும் கிடையாது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் 11ஆம் தலைமுறை முதல் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் உண்டு (பெயர் எஃப் என்று முடியும் மாடல்களில் அந்த கிராபிக்ஸே இல்லை). என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ஆக, விலை உயர்ந்த பழைய கார்டு திணறும் இடத்தில் எளிய பிராசசர் ஒன்று தடையின்றி ஓட்டலாம். டைம்லைன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரின் ஜிபியூ பக்கத்தில் வீடியோ டிகோட் வரைபடம் தரையிலும் பிராசசர் உச்சியிலும் இருந்தால் இதுதான் விஷயம்.

இசை வேலைக்கு கிராபிக்ஸ் கார்டு கிட்டத்தட்ட தேவையே இல்லை. பெரிய சாம்பிள் நூலகங்களுக்கு ரேம், பிளக்கின்களுக்கு வேகமான கோர், அவ்வளவுதான்.

படி 3: காசில்லாத வழிகள்

வீடியோவுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் சிறிய நகல், செய்துகொள்ளுங்கள். 1080பியில் 4கேயின் கால்வாசி பிக்சல்கள்தான், எடிட் முடிந்து எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் ஃபைல் தானாக வந்துவிடும். இசையில் முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்து (பிளக்கின்கள் மறுபடி ஓடாதபடி ஒலியாகப் பதித்து), மிக்ஸிங் நேரத்தில் ஆடியோ அமைப்பில் உள்ள பஃபர் அளவை 1024 சாம்பிளுக்கு ஏற்றுங்கள். எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தால் இடம் விடுங்கள். இவற்றிலேயே தீர்ந்துவிட்டால் பணம் கையில் நிற்கட்டும்.

படி 4: உங்கள் பெட்டி எதை ஏற்கும்?

ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 ரேம் பொருந்தாது, ரேம் பலகையில் உள்ள வெட்டின் இடமே வேறு. ஒரே 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி நல்லது, ரேமுக்கான இரண்டு சேனலும் (தரவுப் பாதை) வேலை செய்யும். கார்டு மாற்றுகிறீர்கள் என்றால் பவர் சப்ளையின் வாட்ஸ், இணைப்பு முனைகள், கேபினட்டின் உள்நீளம் மூன்றையும் அளந்து பாருங்கள். நிறுவனங்கள் அலுவலகத்துக்காகச் செய்யும் குட்டி டெஸ்க்டாப்புகளில் பவர் சப்ளையே தனி வடிவில் இருப்பதுண்டு.

பிராசசர் விஷயத்தில் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். 2017இல் வந்த பல மதர்போர்டுகள்கூட பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசையை ஏற்கும். வாங்கும் முன் மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் இந்த வசதி குறைவு, இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை போர்டே மாறிவிடும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்பு வசதி) வேண்டும், பிராசசரும் பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை, இல்லையென்றால் அதற்குப் பிறகானதாக இருக்க வேண்டும். அதற்கும் பழைய இயந்திரத்தில் விலை உயர்ந்த பாகம் சேர்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படி 5: முடிவு

தடை ரேமிலோ எஸ்எஸ்டியிலோ இருந்தால், தயங்காமல் அதை மட்டும் மாற்றுங்கள். கார்டுதான் தடை, பவர் சப்ளையும் தாங்கும் என்றால் அதுவும் சரி. பிராசசருக்காக மதர்போர்டும் ரேமும் சேர்ந்து மாற வேண்டும் என்றால் அது கிட்டத்தட்ட புதிய கம்ப்யூட்டர்தான், அப்படியே திட்டமிடுங்கள். கேபினட், எஸ்எஸ்டி, நல்ல நிலையில் உள்ள பவர் சப்ளை, கார்டு எல்லாம் புதியதற்கு மாறிவிடும். அந்தத் தொகையில் ஒரு பங்கை நிறம் சரியாகக் காட்டும் மானிட்டருக்கு ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். போட்டோ வேலை செய்பவருக்கு, வேகமான பிராசசரை விட அது பல ஆண்டு அதிகமாக உழைக்கும்.