விமானி பட்டப்படிப்பு பாதியில் நின்றால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விமானி பட்டப்படிப்பில் சேர்ந்திருந்த அக்கா மகனுக்கு இரண்டாம் வருஷத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பறக்கும் பயிற்சியை நடத்தித் தந்த வெளிக் கம்பெனியோடு ஒப்பந்தம் முடிகிறது, அடுத்த செமஸ்டருக்கான ஏற்பாடு பிறகு அறிவிக்கப்படும், அவ்வளவுதான். (எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.) அப்போது அவன் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கில் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) பாதியில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஃப்ளையிங் ஸ்கூல் இருந்தது, அங்கே போய் இரண்டே மாதத்தில் மீதியை முடித்துவிட்டான், செலவும் குறைவு, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த இரண்டு மாதத்தில் 500 மணி நேரத்தைத் தொலைத்துவிட்டான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அது எப்படி என்று புரிய, பட்டப்படிப்புக்கு ஏன் இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விமானம் ஓட்ட அமெரிக்காவில் டிகிரி தேவையில்லை. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது, 2013-ல் விதி அமலுக்கு வந்தது: துணை விமானியாக ஏர்லைனில் உட்காரவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆனால் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி பெற்ற கல்லூரியில் விமானவியலை முதன்மைப் பாடமாக எடுத்து, அந்தத் துறையில் 60 கிரெடிட் முடித்து இளநிலைப் பட்டம் வாங்கினால் 1,000 மணி நேரம் போதும், வயதும் 23-க்குப் பதில் 21. இந்த 500 மணி நேரச் சலுகைக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். பயிற்சி முடித்ததும் இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்து மணி சேர்ப்பவருக்கு அது ஏழெட்டு மாத உழைப்பு.

சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, பல பெற்றோருக்கு இது தெரியாது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், கமர்ஷியல் லைசென்ஸ் (சம்பளத்துக்கு ஓட்டும் உரிமம்) இரண்டையும் பார்ட் 141 என்ற விதியின்படி எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டத்தில்தான் முடித்திருக்க வேண்டும். தரை வகுப்பு அந்தக் கல்லூரியிலேயே நடந்திருக்க வேண்டும், பறப்பது கல்லூரியிலோ கல்லூரியோடு ஒப்பந்தம் உள்ள 141 பள்ளியிலோ நடந்திருக்க வேண்டும். அக்கா மகன் போன சின்னப் பள்ளி பார்ட் 61, அதாவது அப்படி அங்கீகரித்த பாடத்திட்டம் இல்லாமல் பொது விதிப்படி பயிற்சி தரும் இடம். லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சலுகை போய்விட்டது. முதல் லைசென்ஸான பிரைவேட் பைலட்டுக்கு இந்த நிபந்தனை கிடையாது, அதை எங்கே வேண்டுமானாலும் முடித்துவிட்டுப் போகலாம். முடிந்தால் அப்படிச் செய்யுங்கள் என்பேன், பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்பது பெரிய கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சின்னக் கல்லூரியில்தான் இப்படியெல்லாம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் விமானவியல் கழகம் 1945-ல் தொடங்கியது, 2011-ல் அதை மூடுவதென்று அறங்காவலர் குழு ஓட்டுப் போட்டது. பிறகு பக்கத்திலிருந்த பார்க்லண்ட் கல்லூரி பயிற்சியை எடுத்துக்கொண்டது. பறக்கும் பயிற்சி என்பது நிர்வாகத்தின் கண்ணில் எப்போதும் செலவுக் கணக்குதான்: விமானம், காப்பீடு, மெக்கானிக், பெட்ரோல். ஏர்லைன்கள் ஆள் எடுத்தால் இன்ஸ்ட்ரக்டர்கள் ஓடிவிடுவார்கள், 2022-ல் அதுதான் நடந்தது. ஆள் எடுப்பதைக் குறைத்தால், 2024-ல் குறைத்த மாதிரி, படித்து முடித்தவர்கள் வேலைக்குக் காத்துக் கிடப்பார்கள், புதிதாகச் சேர வருகிறவர்கள் யோசிப்பார்கள். பெட்ரோலே ஒரு தலைவலி. நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2023 கோடையில் ஈயம் இல்லாத எரிபொருளுக்கு மாறியது, எஞ்சின் வால்வு இருக்கைகள் தேய்வது தெரிந்து அதே இலையுதிர் காலத்தில் பழைய ஈய பெட்ரோலுக்கே திரும்பியது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படி.

சரி, சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? வளாகச் சுற்றுலாவில் பளபள சிமுலேட்டர் காட்டுவார்கள், அதைப் பார்த்து மயங்காமல் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: விமானங்கள் யாருடையவை, பார்ட் 141 சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? இரண்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. வெளிக் கம்பெனி என்றால் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். 1,000 மணிச் சலுகைக்கு அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலை எஃப்ஏஏ வெளியிடுகிறது, விளம்பரத்தை நம்பாமல் அதில் கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். பிறகு மாணவர்களிடம் போங்கள், நிர்வாகத்திடம் அல்ல. வாரத்துக்கு எத்தனை முறை பறக்கிறாய், ஒரே இன்ஸ்ட்ரக்டர் எத்தனை மாதம் இருந்தார், செக்ரைடுக்கு (தேர்வாளரோடு பறந்து காட்டும் இறுதித் தேர்வு) எத்தனை வாரம் காத்திருந்தாய். இந்த மூன்று பதிலும் மோசமாக இருந்தால் நான்கு வருஷப் படிப்பு ஐந்தாகும்.

இன்னொரு கேள்வி கேட்க எல்லாருக்கும் கூச்சம்: முன்னாள் ராணுவத்தினர் எத்தனை சதவீதம்? அவர்கள் கட்டணத்தை அரசின் ஜிஐ பில் என்ற கல்வி உதவித் திட்டம் கட்டுகிறது, அதற்கு ஒரு விதி உண்டு. ஒரு படிப்பில் 85 சதவீதத்துக்கு மேல் அப்படிப்பட்ட மாணவர்கள் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பணம் நின்றுவிடும். அந்தப் பணத்தை மட்டும் நம்பி நடக்கும் படிப்பு ஒற்றைக் காலில் நிற்கிறது என்று அர்த்தம்.

இனி கடன். அமெரிக்காவிலேயே வசிக்கும் நம் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். பெற்றோர் எடுக்கும் பேரன்ட் பிளஸ் என்ற அரசுக் கடனுக்கு முன்பு கல்லூரிச் செலவு முழுவதும் கிடைக்கும். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக எடுப்பவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர்தான். பெற்றோரை நம்பியிருக்கும் மாணவர் தன் பெயரில் எடுக்கும் அரசுக் கடனோ மொத்தமே 31,000. கல்லூரிக் கட்டணத்தோடு பறக்கும் கட்டணமும் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், மீதியைத் தனியார் கடனில்தான் இட்டு நிரப்ப வேண்டியிருக்கும். நான்கு வருஷத்துக்கும் கணக்குப் போடாமல் முதல் வருஷத்துக்குப் பணம் இருக்கிறதே என்று சேர்த்துவிடாதீர்கள். பறக்கும் கணக்கில் பெரிய தொகையை முன்பணமாகப் போட்டுவைக்கவும் வேண்டாம். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சிக் கம்பெனி திடீரென்று மூடியபோது, மொத்தக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அது பல்கலைக்கழகம் இல்லைதான், ஆனால் வெளிக் கம்பெனியிடம் பயிற்சியை விட்டிருக்கும் பல்கலைக்கழகத்தில் உங்கள் பணம் போய்ச் சேருவது அந்த மாதிரி இடத்துக்குத்தான்.

சேர்ந்த பிறகு ஒரே ஒரு பழக்கம் உங்களைக் காப்பாற்றும்: தொடங்கிய ரேட்டிங்கை முடிக்காமல் எங்கேயும் நகராதீர்கள். முடித்த லைசென்ஸை யாரும் பிடுங்க முடியாது. பாதியில் விட்டு வேறு 141 பள்ளிக்குப் போனால், அங்கே உங்களைச் சோதித்துப் பார்த்து அதிகபட்சம் பாடத்திட்டத்தில் 50 சதவீதம் வரைதான் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. பார்ட் 61-ல் பறந்த அனுபவத்தோடு வந்தால் 25 சதவீதம். அதாவது முக்கால்வாசி முடித்தவரும் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவதா, செக்ரைடை முடிப்பதா என்று குழப்பம் வந்தால் செக்ரைடை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காகித விஷயத்திலும் சோம்பல் கூடாது. லாக்புக்கின் (பறந்த மணிக் கணக்கை எழுதும் புத்தகம்) ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள், இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து அன்றைக்கே வாங்குங்கள், அடுத்த மாதம் அவர் ஏதோ ஓர் ஏர்லைனில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். பயிற்சிப் பதிவேட்டின் நகலை நீங்கள் கேட்டால் 141 பள்ளி கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் நீங்கள் விலகியபின் ஓராண்டு வரைதான் அதை வைத்திருக்கும் கடமை அவர்களுக்கு. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கேட்டு வாங்குங்கள். எழுத்துத் தேர்வு முடிவும் 24 மாதத்தில் காலாவதியாகும், பயிற்சி இழுத்துக்கொண்டே போனால் அதை மறுபடி எழுத வேண்டிவரும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மின்னஞ்சல் வந்தேவிட்டதா? முதல் வாரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களை எப்படி முடித்து அனுப்பப் போகிறீர்கள் என்ற திட்டத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். உங்களுக்கு இன்னும் பத்துப் பதினைந்து மணி நேரம்தான் பாக்கி என்றால் இருக்கும் விமானத்தில் முதலில் உங்களை ஏற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள், இந்த இடத்தில் மரியாதை பார்த்தால் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். வேறு கல்லூரிக்கு மாறுவதென்றால், உங்கள் பழைய கிரெடிட்டும் ரேட்டிங்கும் 1,000 மணிச் சான்றுக்குச் செல்லுமா என்று அந்தக் கல்லூரியிடம் எழுதி வாங்கிவிட்டு மாறுங்கள். கடன் தள்ளுபடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அரசின் அந்தச் சலுகை கல்லூரியே மூடினால்தான், ஒரு துறையை மட்டும் மூடினால் இல்லை.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்களுக்குக் கூடுதல் சுமை. பறக்கவில்லை என்பதற்காக ஒரு செமஸ்டர் சும்மா இருக்க முடியாது, முழுநேரப் பாடச்சுமை இருக்க வேண்டும், அதனால் உடனே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். பள்ளி மாறினால் டிஎஸ்ஏவின் (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) பாதுகாப்புச் சோதனை விவரங்களையும் பார்க்க வேண்டும், அது முடியாமல் புதுப் பள்ளி உங்களை ஏற்றாது. இவர்களுக்கு நான் வெளிப்படையாகச் சொல்வது ஒன்று உண்டு: திரும்பி வந்து இந்தியாவில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்த 1,000 மணிச் சலுகை உங்களுக்கு எதற்கும் உதவாது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்பது 200 மணி நேரம், அப்புறம் அவர்களுடைய தேர்வுகள், அவர்களுடைய மருத்துவச் சோதனை. அந்த மருத்துவச் சோதனையைப் பணம் கட்டும் முன்பே முடித்துவிட்டு, நான்கு வருஷப் பட்டம் வேண்டுமா, வெறும் ஃப்ளையிங் ஸ்கூல் போதுமா என்று அதற்குப் பிறகு யோசியுங்கள்.

அக்கா மகனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன் அவசரப்படவில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க தரை வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகம் வேறு 141 பள்ளியோடு ஒப்பந்தம் போடும்வரை காத்திருந்தான், எல்லாரும் அவனைச் சோம்பேறி என்றார்கள், நானும்தான். இப்போது அவன் ஒரு ரீஜனல் ஏர்லைனில் வலது பக்க இருக்கையில், அதாவது துணை விமானியாக, உட்கார்ந்துவிட்டான். எங்கள் பையன் 1,180 மணி நேரத்தில் இருக்கிறான், காலை ஆறு மணிக்கு யாரோ ஒருவருக்கு லேண்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டு.