தசைநலிவு நோயின் பரம்பரையலகை மூளையில் தேடிப் பார்ப்பது எவ்வாறு?

டுஷேன் தசைநலிவு நோயுள்ள சிறுவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்குக் கற்றல் இடர்பாடும் காணப்படுகின்றது. தசை நோய் மூளையை ஏன் தொடுகிறது என்பதை, கிழக்கிலங்கையின் பல்கலைக்கழக ஊர்களான வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர், ஆய்வுகூடமின்றி, இணைய இணைப்புள்ள கணினியொன்றைக் கொண்டே ஓரளவு ஆராயலாம்.

முதலில் பரம்பரையலகை அறிந்துகொள்ளுங்கள். டிஸ்ட்ரோபின் புரதத்துக்குரிய டிஎம்டி (DMD) என்ற பரம்பரையலகின் பழுதே இந்நோய்க்குக் காரணம். அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் 79 எக்சோன்களுடன், அதாவது முதிர்ந்த ஆர்.என்.ஏயில் எஞ்சும் துண்டுகளுடன், அமைந்துள்ளது. ஆதலால் நோய் பெரும்பாலும் தாய்வழியில் வரும். தாய்வழியே குடி எண்ணும் மட்டக்களப்பில் தாய்மாமன்மாரைப் பற்றி விசாரித்து வம்சவரைபு வரைவது கடினமன்று. எனினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரில் விகாரம் புதிதாகவே தோன்றுகிறது. எவ்வாறாயினும் தாயைக் குறைகூற இடமில்லை.

அடுத்து, மனித இழையங்களில் பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டைக் காட்டும் ஜிடெக்ஸ் (GTEx) இணையத்தளத்தின் தேடற்பெட்டியில் டிஎம்டி என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். இறந்த வளர்ந்தோரின் இழையங்களில் அளந்த ஆர்.என்.ஏ, டிபிஎம் அலகில், அதாவது பத்து இலட்சம் பிரதிகளுள் இப்பரம்பரையலகுக்குரியவை எத்தனை என்ற கணக்கில், வரைபடமாகத் தோன்றும். மூளைக்கு 13 தலைப்புகள் இருப்பினும், மேற்பட்டையும் மூளியும் (சிறுமூளையும்) இருமுறை மாதிரியெடுக்கப்பட்டவை என்பதால் அவற்றைத் தனித்தனிப் பகுதிகளாக எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவது படியிலேயே பலர் தவறுகின்றனர். மொத்த அளவு மட்டும் போதாது. ஒரே பரம்பரையலகிலிருந்து உருவாகும் வெவ்வேறு ஆர்.என்.ஏ பிரதிவடிவங்களைத் தனித்தனியே காட்டும் பகுதியையும் திறக்க வேண்டும். ஏனெனில் டிஎம்டியில் பிரதியெடுத்தல் பல இடங்களில் தொடங்கி, டிஸ்ட்ரோபினின் வெவ்வேறு வடிவங்களைத் தருகின்றது: டிபி427 முழு நீளமானது, தசையிலும் நரம்புக்கலங்களிலும் உண்டு, டிபி140 என்பது 44ஆம், 45ஆம் எக்சோன்களுக்கு இடையிலும், மூளையில் மிகுந்துள்ள டிபி71 என்பது 62ஆம், 63ஆம் எக்சோன்களுக்கு இடையிலும் தொடங்குகின்றன. ஆகவே விகாரம் பரம்பரையலகின் முற்பகுதியில் இருந்தால் குறுகிய வடிவங்கள் தப்பிவிடும். 63ஆம் எக்சோனிலோ அதற்கப்பாலோ இருந்தால் மூன்றுமே பாதிக்கப்படலாம், அறிவாற்றல் இடர்பாடும் பொதுவாக அங்குதான் கடுமையாகின்றது. என் கருத்தில், தொடக்கநிலையினர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே.

இறுதியாக, டிபி140 வளர்ந்தோரின் மூளையில் குறைவாகத் தெரிந்தால் அது முக்கியமற்றது என்று முடிவுகட்டாதீர்கள். அது முதன்மையாக முதிர்மூலவுருவின் மூளைக்குரியது. எனவே கருவுற்ற 8ஆம் வாரம் முதல் 40 வயது வரையான மாதிரிகளைக் கொண்ட, வளரும் மனித மூளைக்கான பிரெயின்ஸ்பான் (BrainSpan) இணையத் தரவில் அதே பரம்பரையலகைத் தேடி, காலவரிசையில் ஒப்பிடுங்கள். அங்கும் எக்சோன்வாரியான தரவையே தெரிவு செய்யுங்கள்.