லினக்ஸ்ல வைஃபை டாங்கிள் எடுக்கலையா, இதப் பாருங்க

டப்பால விண்டோஸ்னு மட்டும் போட்டிருக்குற சின்ன யுஎஸ்பி வைஃபை டாங்கிள வாங்கிட்டு வந்து லினக்ஸ்ல சொருகுனா ஒண்ணுமே காட்டாது, உடனே கடைக்காரர திட்டாதீங்க. முதல்ல டெர்மினல்ல எல்எஸ்யுஎஸ்பி (lsusb) அடிங்க, சொருகியிருக்குற யுஎஸ்பி சாமானெல்லாம் ஐடியோட லிஸ்ட்டா வரும். எனக்கு 0பிடிஏ:1ஏ2பி-ன்னு ஐடி வந்துச்சு. அதாவது உள்ள இருக்குற ரியல்டெக் சிப் தன்னை ஒரு சிடி டிரைவ்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கு, அந்த சிடில இருக்குறது விண்டோஸ் டிரைவர், நமக்கு தம்பிடிக்கு பிரயோஜனமில்ல. ஃபைல் மேனேஜர்ல அத எஜெக்ட் குடுங்க, பாதி நேரம் அதுவே போதும், இல்லன்னா யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் போட்டு அத சிடிலேர்ந்து வைஃபையா மாத்தணும், நெட்டே இல்லாம எப்படி போடுறதுன்னு கேக்காதீங்க, மொபைல கேபிள்ல மாட்டி, அதோட நெட்ட கம்ப்யூட்டருக்குக் குடுக்குற யுஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணுங்க.

மறுபடி எல்எஸ்யுஎஸ்பி அடிச்சேன், ஐடி கடைசில சி811னு மாறிடுச்சு. இது ரியல்டெக்கோட 8821சியூ சிப் குடும்பம். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல 6.2லேர்ந்து இதுக்கு டிரைவர் உள்ளயே இருக்கு, அதனால பழசு வச்சிருந்தா முதல்ல கெர்னல அப்டேட் பண்ணுங்க. கிட்ஹப்லேர்ந்து டிரைவர் கோட எடுத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் அத மறுபடி கட்டித் தர்ற டிகேஎம்எஸ்ல கம்பைல் பண்றதெல்லாம் கடைசி வழி, அதுலயும் பயாஸ்ல செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு ஆன்ல இருந்தா, நம்பகமான சாவியால சைன் பண்ணாத டிரைவர் மாட்யூல் பெரும்பாலும் லோடே ஆகாது, நான் அரைநாள் முழிச்சது அங்கதான்.