குவாத்தமாலா மலைக்கிராமப் போரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டு தரப்பும் கொன்றது, மக்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்." மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த வரியில்தான் வந்து நிற்கிறது. கேட்க நியாயமாகத் தெரியும், ஆனால் கணக்கு அப்படி இல்லை. 1960 முதல் 1996 வரை நடந்த அந்தப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 2 லட்சத்துக்கும் மேல். ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை கண்டறியும் ஆணையம் 1999இல் தந்த அறிக்கை, தான் பதிவு செய்த உரிமை மீறல்களில் 93 சதவீதத்துக்கு ராணுவத்தையும் அரசு சார்ந்த படைகளையும் பொறுப்பாக்கியது. அரசை எதிர்த்துப் போரிட்ட இடதுசாரி கெரில்லாக்களின் பங்கு 3 சதவீதம். பலியானவர்களில் அடையாளம் காணப்பட்டவர்களுள் 83 சதவீதம் பேர் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாயா மக்கள். கெரில்லாக்களும் கொன்றார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 93ஐயும் 3ஐயும் ஒரே தட்டில் வைத்துவிட்டு அதற்கு நடுநிலை என்று பேர் வைக்க முடியாது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டுவது. ராணுவ ஜெனரல் எஃப்ராயின் ரியோஸ் மோன்ட் ஆட்சியைப் பிடித்தது 1982 மார்ச் 23இல். அதற்குப் பத்து நாள் முன்பு, மார்ச் 13 அன்று, அவருக்கு முந்தைய அதிபர் லூக்காஸ் கார்சியாவின் ஆட்சியிலேயே, ரியோ நெக்ரோ கிராமத்தில் 70 பெண்களும் 107 குழந்தைகளும் கொல்லப்பட்டுவிட்டார்கள். ரியோஸ் மோன்ட் காலத்தில் அழிவு இன்னும் தீவிரமானது என்பது உண்மை. ஆனால் கிராமங்களை அழிக்கும் திட்டம் ராணுவம் என்ற அமைப்பினுடையது. தலைவர் மாறியதும் அது நிற்கவில்லை.

நான் நிறையச் சொல்ல நினைப்பது அடுத்த தவறைப் பற்றித்தான். துப்பாக்கியை ஒரு பக்கமும், கொடி, பெயர், பிரசங்கம், உணவுப் பொட்டலம் எல்லாவற்றையும் இன்னொரு பக்கமும் வைத்து, முதலாவது வன்முறை, இரண்டாவது வெறும் பிரச்சாரம் என்று பிரித்துப் படிப்பது. அந்த மலைநாட்டில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன. ராணுவம் மக்காச்சோள வயல்களை எரித்தது மக்களைப் பட்டினி போட மட்டும்தான் என்று நினைத்தால் பாதிதான் புரியும், ஏனென்றால் மாயா படைப்புக் கதையில் மனிதனே மக்காச்சோள மாவில் உருவானவன். அந்த வயலை எரிப்பவன் சோற்றோடு சேர்த்து முன்னோரோடு இருக்கும் உறவையும் எரிக்கிறான். மாயா கிராமங்களை அழித்த சிறப்புப் படைக்கு 'கைபில்' என்று பேர், ஸ்பானியர்களை எதிர்த்த, மாயா மக்களில் ஒரு பிரிவான மாம் இனத்தின் தலைவன் கைபில் பலாமின் பெயர் அது. கீசே பகுதியில் இறக்கிய படைப்பிரிவுக்கும், இன்னொரு மாயா பிரிவான கீசே மக்களின் பழைய தலைநகரான குமார்காஹ் பெயரையே வைத்தார்கள். உங்கள் வீரனின் பெயரும் இனி எங்களுடையது என்று சொல்வதுதான் இது.

சரி, அப்போது உணவு கொடுத்தது? 'துப்பாக்கியும் பீன்ஸும்' என்ற திட்டத்தைக் கடுமை தணிந்ததற்கான அடையாளமாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். மலைக்கு ஓடியவர்கள் ஏன் பசியோடு திரும்பி வந்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். வயலை எரித்தவர்களின் கையிலிருந்துதான் சாப்பாடு வாங்க வேண்டியிருந்தது. நெபாஹ் அருகே அக்கூல் கிராமம் எரிக்கப்பட்டு, 1983இல் 'மாதிரிக் கிராமமாக' மீண்டும் எழுந்தது. நேரான தெருக்கள், ராணுவத்தின் கண்முன்னே வீடுகள், கொடியேற்றம், தேசபக்திப் பாடம். யார் வீடு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் ராணுவமே முடிவு செய்தது. இதை வளர்ச்சித் திட்டம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ராணுவம் கிராமங்களில் கட்டாயப்படுத்தி அமைத்த ரோந்துப் படையில் இருந்த ஆண்களைக் கொலைகாரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் தவறு, பாவம் வற்புறுத்தப்பட்டார்கள் என்று மட்டும் சொல்வதும் தவறு. உச்சத்தில் சுமார் 9 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். வர மறுத்தவன் கெரில்லா என்று முத்திரை குத்தப்பட்டான். ரியோ நெக்ரோவில் ராணுவத்தோடு சேர்ந்து கொன்றவர்கள் பக்கத்துக் கிராமமான ஷோகோக்கின் ரோந்துக்காரர்கள். போர் முடிந்த பிறகும் கொன்றவர்களும் தப்பிப் பிழைத்தவர்களும் ஒரே வட்டாரத்தில் வாழ வேண்டியிருந்தது. அண்டை வீட்டுக்காரன் கையிலேயே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டால், ராணுவம் போன பிறகும் பயம் ஊரிலேயே தங்கிவிடும்.

இதனால்தான் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் பெண்கள் நெய்து அணியும் வீபில் சட்டையில் தனி நிறமும் தனி வடிவமும் உண்டு; அதைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். அந்த ஆண்டுகளில் பல பெண்கள் தங்கள் ஊர் வீபிலைக் கழற்றி வைத்துவிட்டு வேறு உடைக்கு மாறினார்கள், ஊர் தெரிந்தால் உயிர் போகும் என்பதால். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பண்பாடு தானாக மங்குவது போலத் தெரிந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. 2013 மே 10இல் ரியோஸ் மோன்ட்டுக்கு, மாயா மக்களில் ஒரு பிரிவான இஷில் மக்கள் மீதான இனப்படுகொலைக்காகவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் 80 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது, பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதை வைத்து "நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். ரத்துக்குக் காரணம் விசாரணை நடைமுறை பற்றிய சர்ச்சை. சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அவர் 2018 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு தீர்ப்பு, விசாரிக்கப்பட்ட முன்னாள் உளவுத்துறைத் தலைவரை விடுவித்தபோதும், இஷில் மக்கள் மீது நடந்தது இனப்படுகொலைதான் என்று சொன்னது. புதைகுழிகளைத் தோண்டும் வேலை அதற்கெல்லாம் முன்பே, 1990களிலேயே, தொடங்கியிருந்தது. எலும்புகளோடு கிடைக்கும் துணியின் நெசவைப் பார்த்து, இது என் அம்மாவுடையது என்று சொல்லும் பிள்ளைகள் அங்கே வந்து நிற்கிறார்கள்.