போர்ட் ஹேக்கிங் போகிறீர்களா? முதலில் ஏற்றவற்றத்தைப் பாருங்கள்

சிட்னிக்கு விருந்தாளி வந்தால் ஓப்ரா ஹவுஸ், பாண்டை கடற்கரை என்று காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறோம். நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் போர்ட் ஹேக்கிங் இருக்கிறது, கடல் உள்ளே புகுந்து மூழ்கடித்த ஆற்றுப் பள்ளத்தாக்கு, இயற்கைத் துறைமுகம்தான், ஆனால் சரக்குக் கப்பல் எதுவும் எட்டிப் பார்க்காது. (பெயரைக் கேட்டு கம்ப்யூட்டர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள், ஹென்றி ஹேக்கிங் என்ற மாலுமியின் பெயர் அது.)

சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் குரோனுல்லா ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே படகுத்துறை. 1939இல் கட்டிய மரப்படகு ஒன்று இன்னமும் ஓடுகிறது, அரை மணியில் தென்கரையில் உள்ள பண்டீனா ஊரில் இறக்கிவிடும்.

அங்கே கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், கடல்நீர் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்று சொல்லும் ஏற்றவற்ற அட்டவணையை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். மேற்கே மயன்பார் பக்கம் முழுக்க மணல்திட்டு, தண்ணீர் ஏறும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், வற்றினால் முழங்கால்கூட நனையாது. முதல் தடவை போனபோது நான் அதைப் பார்க்காமல், சாப்பிட்டு முடித்து நிதானமாகத் திரும்பலாம் என்று உட்கார்ந்துவிட்டேன், கடைசியில் கயாக்கை இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்ததுதான் மிச்சம். தண்ணீர் ஏறும்போது உள்ளே போங்கள், இறங்க ஆரம்பித்ததும் கூடவே வெளியே வந்துவிடுங்கள், துடுப்பு போடுகிற வேலை பாதியாகக் குறையும். கோடையில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொள்ளும் என்பதால் காலையே நல்லது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம், தூண்டில் போடுகிற பெரியவர்கள் அதற்கான கட்டணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும்.

நடக்கத்தான் பிடிக்கும் என்றால் பண்டீனாவுக்குப் பக்கத்திலுள்ள ஜிப்பன் முனைக்குப் போங்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தாராவல் மக்கள் பாறையில் செதுக்கிய திமிங்கிலமும் திருக்கையும் அங்கே இருக்கின்றன. உச்சி வெயிலில் கோடுகள் மங்கிப்போகும், வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். பாறைமேல் ஏறாமல் மரப்பாலத்தில் நின்றே பாருங்கள். மே முதல் நவம்பர் வரை என்றால் அப்படியே கடலையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், நிஜத் திமிங்கிலமே போகலாம்.

அப்புறம், முங்கு நீச்சல் தெரிந்தவர்களுக்கு எதிர்க்கரையில் ஷிப்ராக் என்ற முங்கு இடம் இருக்கிறது. நீரோட்டம் பலமானது, ஏற்றம் முடிந்து தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். மீன்பிடிக்கத் தடை உள்ள இடம், தூண்டிலைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

திரும்புகிற கடைசிப் படகின் நேரத்தை இறங்கியதுமே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் ராயல் தேசியப் பூங்காவுக்குள்ளே போகும் காட்டு ரோடு ஒன்றுதான் வழி.