பாட்டு அனுப்பினால் பதில் வரவைத்த விதம்

படம், விளம்பரங்களுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் மியூசிக் சூப்பர்வைசர்கள் என் பாட்டுகளோடு நான் அனுப்பும் மெயிலுக்குப் பதிலே போடமாட்டார்கள். பாட்டு பிடித்தாலும், உரிமை யாரிடம் என்று தெரியாவிட்டால் அவர்கள் தொடமாட்டார்கள். இசை, வரிகளுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு, அதாவது மாஸ்டருக்கு, இன்னொன்று; இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அதனால் கூட எழுதியவர், கிட்டார் வாசித்தவர் என எல்லோரிடமும் யாருக்கு எத்தனை சதவீதம், லைசென்ஸ் கொடுப்பது நான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன் (நண்பர்களிடம் இதைக் கேட்பதுதான் பெரிய சங்கடம்). அப்புறம் ஃபைலை இணைப்பதை விட்டுவிட்டு ஒரே ஒரு லிங்க், "இரண்டு உரிமைக்கும் நானே கையெழுத்திடலாம், இன்ஸ்ட்ருமென்டல் தயார்" (குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள வடிவம்) என்று ஒரு வரி, எம்பி3 மெட்டாடேட்டாவில், அதாவது ஃபைலுக்குள்ளேயே பதியும் விவரங்களில், என் பெயர், மெயில் முகவரி. அதுவும் அந்தச் சூப்பர்வைசர் வேலை செய்த தொடரைப் பார்த்து, அதன் மனநிலைக்குப் பொருந்தும் இரண்டே பாட்டு. ஒருவர் இன்ஸ்ட்ருமென்டல் வேண்டும் என்று பதில் போட்டார், உடனே அனுப்பிவிட்டேன்.