எல்லாரும் தமிழ்தானே பேசுகிறோம் என்று நினைக்காதீர்கள்: ராமநாதபுரம் கரையில் கவுன்சிலிங் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவுன்சிலிங் படிப்பில் பன்மைப் பண்பாடு பற்றிய பாடம் வரும்போது நம் பிள்ளைகள் பலர் அதை அமெரிக்காவுக்கான பாடம் என்று நினைத்து, தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிடுகிறார்கள். இங்கே ராமநாதபுரம் கடலோரத்தில் எல்லாரும் தமிழ்தானே பேசுகிறோம், அப்புறம் என்ன என்கிற எண்ணம். இந்தக் கரையில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் அந்த எண்ணத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கீழக்கரையில் கணவர் வளைகுடாவில் இருக்கும் பெண், தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகும் கத்தோலிக்க இளைஞர், பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா, இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல் கல்லூரிக்குப் போகும் மாணவி, இவர்கள் எல்லாரிடமும் தமிழில் பேசலாம், ஆனால் ஒரே மாதிரி பேசிவிட முடியாது.

1992இல் டெரால்ட் விங் சூ, பட்ரீசியா அரெடோண்டோ, ராடரிக் மெக்டேவிஸ் மூவரும் இந்தத் திறனுக்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள். ஆலோசகர் முதலில் தன்னுடைய பின்புலத்தையும் தன் மனச்சாய்வுகளையும் அறிய வேண்டும், பிறகு எதிரில் இருப்பவருடைய உலகத்தை அறிய வேண்டும், அதன்பிறகுதான் பொருத்தமான வழிமுறைகள். நாம் பெரும்பாலும் முதல் படியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போய்விடுகிறோம்.

முதல் சந்திப்பிலேயே கேட்கிற "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சும்மா பேச்சைத் தொடங்கத்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் தெரு என்றால் சாதி, அது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பள்ளியில் சாதி சொல்லி அவமானப்பட்ட ஒரு பையன் உங்களிடம் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்தக் கேள்வியோடு அவன் வாய் மூடிவிடும். முகவரி வேண்டுமானால் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம், அதுவும் ஏன் வேண்டும் என்று சொல்லிவிட்டு. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அவனே சாதிக்கொடுமையைப் பற்றிப் பேச வரும்போது "அதெல்லாம் இப்ப யாருப்பா பார்க்கிறா" என்று மழுப்பிவிடுவது. அப்படிச் சொல்ல வாய் வருகிறது என்றால், நமக்கு அது நேர்ந்ததில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது, ஒரு சமூகத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு, வருகிற ஒவ்வொருவரையும் அந்தப் படிப்புக்குள் அடைப்பது. கீழக்கரையில் பல குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் தன் தாய்வீட்டிலேயே இருக்கிறாள், மாப்பிள்ளைதான் அங்கே வருகிறார். இது தெரியாமல் மாமியார் கொடுமை உண்டா என்றே துருவிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் எதிர்கொள்கிற நெருக்கடி, அதாவது உம்மாவுக்கும் கணவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது, கண்ணிலேயே படாது. தெரிந்துகொண்டபின் எல்லாக் கீழக்கரைப் பெண்களும் அப்படித்தான் என்று முடிவுகட்டினாலும் தவறுதான். "உங்க வீட்ல எப்படி?" என்று கேட்டால் வேலை முடிந்தது. கணவர் இறந்தபின் இத்தா (துக்கக் காத்திருப்பு) இருக்கும் பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராததை நோய் அறிகுறியாகக் குறித்துவைப்பதும் இந்த வகைதான். அந்த நாட்களில் அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, அந்த ஒதுக்கம் அவருக்கு ஆறுதலா பாரமா என்பதைப் போனிலோ ஒரு பெண் ஆலோசகர் வீட்டுக்குப் போயோ கேட்கலாம்.

கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் விஷயத்தில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வலிப்பது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். படகு கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை. மனைவி தாலியைக் கழற்றவில்லை. இலங்கைச் சிறையில் எங்காவது இருப்பார் என்கிறார். எல்லை தாண்டியதாகச் சொல்லி மீனவர்கள் பிடிபட்டு, மாதக்கணக்கில் சிறையில் இருந்து திரும்புகிற கரையில் அந்த நம்பிக்கை ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் பயிற்சி முடித்து வந்த ஆலோசகர் அதை "மறுப்பு நிலை" என்று எழுதிக்கொண்டு, உண்மையை ஏற்கவைப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த நிலையைத்தான் தெளிவற்ற இழப்பு என்றார். போர்க்களத்தில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது அவர் கண்டது, அங்கே முடிவு என்று ஒன்றைத் திணிப்பது கூடுதல் காயம் என்பது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்த உதவுவதுதான் வேலை.

அதிலும் ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு நிலை இருக்கும். மாமனார் கருமாதி செய்துவிட வேண்டும் என்பார், தாய் கூடாது என்பார், மனைவி பேசவே மாட்டார். நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்தீர்கள் என்றால் அந்த வீட்டில் ஒருவரை இழந்தீர்கள். கூடவே நடைமுறைப் பாரமும் இருக்கிறது. உடல் இல்லாதபோது, ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் பொதுவாகச் சட்டம் ஒருவரை இறந்தவராக எடுத்துக்கொள்கிறது. அதுவரை இறப்புச் சான்றிதழ், நிவாரணம், விதவை உதவித்தொகை எல்லாம் இழுபறியாகலாம். அந்த அம்மாவிடம் உணர்ச்சிகளைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, மீன்வளத்துறை அலுவலகத்தில் என்ன மனு கொடுக்கலாம், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் அனுப்புவதும் நெறி மீறல்தான் என்பேன்.

சரி, ஏர்வாடிக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நிறைய மாறியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இருந்தும் ஏர்வாடி தர்காவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் எல்லா மதத்துக் குடும்பங்களும் மனநோய் உள்ளவரை அழைத்துக்கொண்டு வருகின்றன, கனவில் உத்தரவு கிடைத்த பிறகுதான் ஊர் திரும்புவோம் என்று காத்திருக்கின்றன. இங்கே தவறு இரண்டு திசையிலும் நடக்கிறது. ஒருவர் "மூடநம்பிக்கை" என்று முகத்துக்கு நேரே சொல்லி, அந்தக் குடும்பம் மருத்துவமனைப் பக்கமே திரும்பாதபடி செய்துவிடுகிறார். இன்னொருவர் "அவங்க நம்பிக்கை, நாம தலையிடக் கூடாது" என்று ஒதுங்கிக்கொள்கிறார், அந்த மனிதர் மாத்திரை இல்லாமல் மாதக்கணக்கில் தவிக்கிறார். மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்தே நடக்கட்டும் என்ற திட்டம் ஏர்வாடியிலேயே அரசு மூலம் செயல்பட்டிருக்கிறது. "உத்தரவு வர்ற வரைக்கும் இருங்க, அதுவரைக்கும் இவர் தூங்கணும்ல, டாக்டரையும் ஒரு தடவை பார்த்துருவோமா?" என்று கேட்டால் பல குடும்பங்கள் சம்மதிக்கும்.

பண்பாட்டை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் அது அவர்கள் பழக்கம் என்று விட முடியாது. குழந்தை மீது பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகாரளித்தே ஆக வேண்டும். ஜமாத்தோ கிராமக் கமிட்டியோ பேசி முடித்துவிட்டது என்பது பதிலாகாது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்க முடியாது என்று.

ரகசியம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஊர்த்தலைவரோ பங்குத்தந்தையோ அக்கறையோடுதான் கேட்பார், "அந்தப் பிள்ளைக்கு என்னம்மா பிரச்சினை?" என்று. பெரியவர் கேட்கிறாரே என்று பாதி சொல்லிவிடாதீர்கள். மரியாதையாக, "அவங்ககிட்டயே கேட்டுக்கங்கய்யா" என்றால் போதும். நிறுவனப் பெயர் எழுதிய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவதும்கூட ரகசியத்தை உடைப்பதுதான்.

மண்டபம் முகாமில் இந்த விஷயத்துக்கு இன்னொரு கனம் உண்டு. அங்கே இருப்பவர்கள் வாழ்நாள் முழுக்கப் பதிவேட்டிலும் விசாரணையிலும் பழகியவர்கள். நீங்கள் பேனாவை எடுத்தாலே இது போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிரிவுக்குப் போகுமோ என்று பயம் வரும். கையெழுத்து வாங்கிவிட்டதால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். என்ன எழுதுகிறேன், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்பதை வாயால் சொல்லி, அவர் யோசிக்க நேரம் கொடுங்கள். போரில் என்ன நடந்தது என்று முதல் நாளே தோண்டவும் வேண்டாம். அவருக்கு இன்றைய கவலை மகனின் வேலையாக இருக்கலாம்.

தற்கொலைக்கு முயன்றவர்களிடம் பாவம், ஹராம் என்று பிரசங்கம் செய்வது இன்னொன்று. அந்தக் குற்றவுணர்வு அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயமும் இருக்கும். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017 சட்டத்தின் நிலை என்று குடும்பத்துக்கு விளக்குங்கள். இரவிலும் கூப்பிடக்கூடிய அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எழுதிக் கொடுங்கள்.

வருகைப் பதிவைப் பற்றியும் கொஞ்சம். இரண்டு தடவை வரவில்லை என்றதும் ஒத்துழைப்பு இல்லை என்று கோப்பை மூடுகிறார்கள். பாசி எடுக்கும் பெண்கள் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகிறவர்கள், விசைப்படகுக்காரர் அனுமதி நாளில் கடலில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, குடியும் சண்டையும் கூடும், அந்த வீட்டுப் பெண்களுக்கு உங்களிடம் வர வழியிருக்காது. உங்கள் நேர அட்டவணையை இதை வைத்துப் போடுங்கள்.

கடைசியாக, மீன். நாலைந்து தடவை பேசி மனம் லேசானபின் ஒரு கவரில் நண்டோ நகரை மீனோ கொண்டுவந்து நீட்டுவார்கள். விதிப்படி பரிசு வாங்கக் கூடாது என்று திருப்பிக் கொடுத்தால், தான் தொட்டதை வாங்க மறுக்கிறார் என்றுகூட எடுத்துக்கொள்வார்கள், சாதி காயம் உள்ளவர்களிடம் கண்டிப்பாக. அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014 நெறிமுறையே சில பண்பாடுகளில் சிறு பரிசு நன்றியின் அடையாளம் என்று ஏற்கிறது. உறவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பொருளின் மதிப்பு என்ன, கொடுப்பவரின் நோக்கம் என்ன, நீங்கள் ஏன் வாங்க அல்லது மறுக்க நினைக்கிறீர்கள் என்று பார்க்கச் சொல்கிறது. ஒரு வேளைக் குழம்புக்கான மீன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் வருகிறது என்றாலோ பெட்டியோடு வருகிறது என்றாலோ, உட்கார்ந்து பேச வேண்டும்.